ஜானதன் தர்ஸ்டனின் தொடக்க ஆண்டுகள்: அவரைத் தவறவிட்டது யார்?

1. பின்வரிசை

நண்பர்களுக்கு வணக்கம். சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் பதினேழு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ரக்பி லீக் என்றால் என்னவென்று இந்த ஊருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். என் மகனுக்கு இப்போது வயது பதினாறு. ஏழாம் எண் சட்டை அணிந்து ஹாஃப்பேக் இடத்தில் ஆடுகிறான். சென்ற மாதம் ஒரு கழகத்தின் இளையோர் தேர்வுக்கு அவனை அழைத்துப் போயிருந்தேன். பந்தைக் கையில் தருவதற்கு முன்பே, உடைமாற்றும் அறை வாசலின் சிமெண்ட் தரையில் ஓர் எடைப்பொறியை வைத்துவிட்டார்கள். ஈரக் காலுறையோடு பையன்கள் வரிசையாக ஏறி இறங்க, ஒருவர் அட்டையில் எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தார். என் மகனின் முறை வந்தபோது எண்ணைக் குறித்த அவர், ஒரு கணம் நிமிர்ந்து அவனைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். அதன் பிறகு நாற்பது நிமிடம் அவன் ஆடிய ஆட்டத்தை யாராவது கவனித்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பு தேறட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மாலையில் பதில் வந்தது.

அன்றிரவு முதல் ஜானதன் தர்ஸ்டன் என்ற ஹாஃப்பேக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1983 ஏப்ரல் 25 அன்று பிரிஸ்பேனில் பிறந்து, அந்நகரின் தென்புறத்தில் வளர்ந்து, மேல்நிலைப் படிப்பை மலைமேல் இருக்கும் டூவூம்பா நகரின் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் முடித்தவர் அவர். ஒல்லியான உடம்பு என்பதால் பள்ளியை முடிக்கும் வரை பெரிய கழகங்கள் எதுவும் அவரை ஒப்பந்தம் செய்ய முன்வரவில்லை. இறுதியில் சிட்னியின் கேன்டர்பரி புல்டாக்ஸ் கழகம் இடம் கொடுத்தது. அதுவும், முதல் ஆண்டில் ஊதியம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல். அப்படி நுழைந்தவர்தான் பிற்காலத்தில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கத்தை நான்கு முறை வென்றார்.

அவருடைய உச்சத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் பேச விரும்புவது 2001 முதல் 2005 வரையிலான ஆண்டுகளைப் பற்றி மட்டும். அவரை யாரும் பார்க்கவில்லையா, பார்த்தும் வேண்டாம் என்றார்களா? புல்டாக்ஸ் அவரை ஏன் போகவிட்டது? விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

2. கண்டிமலை

நல்ல கேள்வி, அண்ணா. ஆனால் என்னைப் போன்றவர்களுக்காக ஒரு விளக்கம் வேண்டும். இலங்கையில் ரோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதும் பிராட்பி கேடயப் போட்டியைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்தது ரக்பியின் மற்றொரு வடிவமான ரக்பி யூனியன் மட்டுமே. அங்கே இரு அணியின் முன்வரிசையினரும் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் பின்னால் நின்று பந்தை எடுத்துக் கொடுப்பவரும், அவரிடமிருந்து வாங்கி ஆட்டத்தை நடத்துபவரும் வெவ்வேறு ஆட்கள். லீக்கில் ஹாஃப்பேக்கின் வேலை என்ன? எடை குறைந்த ஒருவர் அந்த இடத்தில் ஆடுவதில் உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா, அல்லது அது வெறும் சாக்குத்தானா?

3. ஆறாவது பிடி

கண்டிமலை நண்பருக்கு நான் பதில் சொல்கிறேன். ஒரு புறநகர்க் கழகத்தில் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் அணிக்குத் துணைப் பயிற்சியாளராக இருக்கிறேன். டேக்கிள் என்பதற்கு நம் கபடியில் வழங்கும் பிடி என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவதால் அதையே எழுதுகிறேன்.

1895இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில், வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளர்களுக்கு இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று வாதிட்ட வடபகுதி ரக்பிக் கழகங்கள் பிரிந்து தனி அமைப்பாயின. அதிலிருந்து பிறந்ததுதான் லீக். அணிக்கு 13 பேர், 80 நிமிட ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு பிடிகள். ஆறாவது பிடி விழுவதற்குள் ட்ரை போட, அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்ற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே ஐந்து முறை முட்டி மோதிய பிறகு பந்தை உதைத்துவிடுவதே வழக்கம். அதை எங்கே, எவ்வளவு உயரத்தில், யாருடைய தலைக்கு மேல் உதைப்பது என்பதைப் பெரும்பாலும் ஹாஃப்பேக்தான் முடிவு செய்கிறார். முதல் நான்கு பிடிகளில் அணி திடலின் எந்தப் பக்கமாக நகர வேண்டும் என்பதும் அவர் வாயிலிருந்துதான் வரும்.

இனி எடைக்கு வருகிறேன். இங்கே யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. எதிரணியின் நூறு கிலோ, நூற்றுப் பத்து கிலோ ஆட்கள் சிறிய ஹாஃப்பேக் நிற்கும் இடத்தைத் தேடியே ஓடி வருவார்கள். ஐந்தாறு முறை அப்படி மோதினால் அடுத்த முறை பந்து கைக்கு வரும்போது அவருக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் கண் திறக்காது. எனவே எடை பார்ப்பது சாக்கு மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதை முதலில் பார்ப்பதுதான் தவறு.

4. தரவுப்பெட்டி

ஆறாவது பிடி சொன்னதோடு இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். தர்ஸ்டன் பள்ளியை முடித்த காலம் குயின்ஸ்லாந்துப் பையன்களுக்கு மிகவும் கெட்ட காலமாக இருந்தது.

1995இல் ஆஸ்திரேலியாவின் முதல்நிலைப் போட்டியில் 20 அணிகள் ஆடின. சூப்பர் லீக் என்ற எதிர்ப்போட்டியை வைத்து அதே ஆண்டில் வெடித்த சண்டையில் ஆட்டம் இரண்டாகப் பிளந்தது. 1997இல் இரண்டு தனித்தனிப் போட்டிகள் நடந்தன. 1998இல் சமாதானமாகி என்ஆர்எல் என்ற ஒரே போட்டி உருவானது. சமாதானத்தின் விலையாகக் கழகங்கள் மூடப்பட்டன, இணைக்கப்பட்டன. 2000, 2001 ஆண்டுகளில் மிஞ்சியவை 14 அணிகள் மட்டுமே. குயின்ஸ்லாந்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பிரிஸ்பேனின் இரண்டாவது கழகமான சவுத் குயின்ஸ்லாந்து க்ரஷர்ஸ் 1997உடன் முடிந்தது. கோல்ட் கோஸ்ட் அணி 1998உடன் முடிந்தது. கோல்ட் கோஸ்டுக்கு டைட்டன்ஸ் என்ற புதிய அணி வந்தது 2007இல்தான். ஆகவே தர்ஸ்டனுக்குப் பதினேழு, பதினெட்டு வயதானபோது அவ்வளவு பெரிய மாநிலத்தில் இருந்தவை இரண்டே கழகங்கள்: தெற்கே பிரிஸ்பேனில் ப்ராங்கோஸ், ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வடக்கே டவுன்ஸ்வில்லில் கௌபாய்ஸ்.

தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தின் பள்ளித் திடல்கள் அத்தனையும் ஒரே வாசலுக்கு முன்னால் வரிசையில் நின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசலைத் தாண்டாமல் போனவர்களைப் பாருங்கள். லோகன் நகரத்துக் கேமரன் ஸ்மித் 1983 ஜூன் 18 அன்று பிறந்தவர். இன்னிஸ்ஃபெயில் ஊர்க்காரர் பில்லி ஸ்லேட்டர் பிறந்ததும் அதே நாளில். பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி ஓட்டம் தரும் வேலையில் சிட்னியில் இருந்த ஸ்லேட்டர், பிறகு பிரிஸ்பேனுக்கு வந்து நார்த்ஸ் டெவில்ஸ் என்ற இரண்டாம்நிலை அணியில் வாய்ப்புக் கேட்டார். இருவரும் மெல்போர்ன் ஸ்டார்மில் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்மித் முதலில் களமிறங்கியது 2002இல், ஸ்லேட்டர் 2003இல். தர்ஸ்டன் அவர்களைவிட இரண்டு மாதம் மூத்தவர், அவர் சிட்னிக்குப் போனார். 2006 முதல் 2013 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள், நியூ சவுத் வேல்ஸோடு ஆண்டுதோறும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரை வென்ற குயின்ஸ்லாந்து அணியின் முதுகெலும்பாக நின்ற இந்த மூவரும், தங்கள் மாநிலத் தலைநகரின் கழகத்தில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கவில்லை. ஒருவரைத் தவறவிட்டால் தேர்வாளரின் கண்ணைக் குறை சொல்லலாம். மூவரைத் தவறவிட்டால் வாசல் குறுகலாக இருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

5. வெப்பமண்டலம்

தரவுப்பெட்டியின் கணக்கு சரி. ஆனாலும் வாசல் குறுகல் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஒல்லி, சிறியவன் என்று அந்த மாநிலத்திலேயே ஒருவரைத் தள்ளினார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் ஆலன் லாங்கரின் மாநிலம் அது. ஏறத்தாழ 165 சென்டிமீட்டர் உயரமே இருந்த இப்ஸ்விச் ஊர்க்காரரான அவர், ப்ராங்கோஸின் ஹாஃப்பேக்காகவும் தலைவராகவும் இருந்து 1992, 1993, 1997, 1998 என நான்கு கோப்பைகளை வாங்கிக் கொடுத்தவர். அவர் விட்டுப்போன காலடி காய்வதற்குள் இன்னொரு பையனை உடம்பு போதாது என்று சொல்லலாமா?

6. ஆறாவது பிடி

வெப்பமண்டலம் ஐயாவின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் குட்டை வேறு, ஒல்லி வேறு. லாங்கர் குட்டையாக இருந்தாலும் கட்டையான உடம்புக்காரர். இடுப்பு தரைக்கு அருகில் இருக்கும், மோதினால் உருண்டு எழுந்துவிடுவார். தர்ஸ்டன் ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் உயரம். நீண்ட கைகால், குறுகிய தோள். பதினேழு வயதில் அப்படிப்பட்ட உடம்பைப் பார்க்கும் ஒருவர், இது நிரம்புமா நிரம்பாதா என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

எடைப்பொறி காட்டாத ஒன்றை நான் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். பின்வரிசை அண்ணாவுக்கும் அது பயன்படலாம். மூன்றாவது பிடி விழுந்து ஆள் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுகிற அந்த இரண்டு நொடிகளில் நான் பந்தைப் பார்ப்பதில்லை. ஹாஃப்பேக் பையனின் கழுத்தைப் பார்ப்பேன். சாதாரணப் பையன் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். நல்ல பையன் ஒரு தடவை தலையைத் திருப்பி, எல்லோருக்கும் பின்னால் நின்று காக்கும் எதிரணியின் ஃபுல்பேக் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பான். மிக நல்ல பையன் இரண்டு தடவை பார்ப்பான்: ஒருமுறை பந்து வருவதற்கு வெகு முன்னால், மறுமுறை கடைசி நொடியில். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவே ஃபுல்பேக் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பதுதான் அவனுக்குத் தேவையான செய்தி. தர்ஸ்டனின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பாருங்கள். தலைக்கவசம் அணிந்த அந்தத் தலை ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். இதை அளக்க எந்த அட்டையிலும் கட்டம் கிடையாது.

7. தரவுப்பெட்டி

இரண்டாவது கேள்விக்கு வருவோம். புல்டாக்ஸ் ஏன் போகவிட்டது?

2002இல் தர்ஸ்டன் முதல்நிலை அணியில் முதன்முறை ஆடினார். கழகத்தின் வரலாற்றிலேயே மிகவும் கலங்கிய ஆண்டு அது. அணி புள்ளிப்பட்டியலின் உச்சியில் இருந்தபோது, வீரர்களுக்கான ஊதிய உச்சவரம்பைக் கழகம் மீறியது ஆகஸ்டில் வெளிவந்தது. 37 புள்ளிகள் பறிக்கப்பட்டன. ஐந்து லட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. கோப்பைக்குத் தகுதியாக இருந்த அணி கடைசி இடத்தில் ஆண்டை முடித்தது. ஒவ்வொரு டாலரையும் எண்ணிச் செலவிட வேண்டிய நிலையில் அதற்குப் பிந்திய ஆண்டுகள் கழிந்தன.

அதோடு இடமும் காலியாக இல்லை. ஏழாம் எண்ணில் பிரென்ட் ஷெர்வின் இருந்தார். ஹாஃப்பேக்கின் துணையாக நின்று ஆட்டத்தை நடத்தும் ஆறாம் எண்ணில் பிரெய்த் அனாஸ்டா இருந்தார். இருவரும் இளைஞர்கள், இருவரும் நன்றாக ஆடினார்கள், அணி வென்றுகொண்டிருந்தது. கோலுக்கு உதைக்கும் பொறுப்போ, அன்று ஆட்டத்திலேயே மிகச் சிறந்த உதைப்பாளர்களில் ஒருவரான ஹசம் எல் மஸ்ரியிடம் இருந்தது. தர்ஸ்டன் மூன்று பருவங்களில் ஆடியது மொத்தம் 29 ஆட்டங்கள்தான். பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபோக்ஸ் 2004இல் கோப்பையே வென்றுவிட்டார். வென்ற அணியைக் கலைத்து மாற்று இருக்கையில் இருந்தவரை முன்னால் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று இன்று சொல்வது, விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்விக்குப் பதில் எழுதுவதாகும்.

8. வெப்பமண்டலம்

அந்த வாதத்தை முழுவதும் ஏற்றுக்கொள்ள எனக்கு இயலவில்லை. மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் பயிற்சியில் அவரைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். பள்ளி மைதானத்தில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போன தேர்வாளருக்குக் கொடுக்கும் சலுகையை அவர்களுக்கும் கொடுக்க முடியுமா?

அதே சமயம் இன்னொன்றையும் மனமாரச் சொல்ல வேண்டும். யாருமே கேட்காத நேரத்தில் கதவைத் திறந்தவர்களும் அவர்கள்தான். புல்டாக்ஸ் இல்லையென்றால் டவுன்ஸ்வில்லுக்கு அவர் வந்திருக்கவே மாட்டார் என்பதை இங்கே வாழும் நாங்கள் மறக்கவில்லை.

9. பின்வரிசை

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்த பிறகு 2004 இறுதியாட்டத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன்.

அந்த வாரத்தின் சூழலை முதலில் சொல்லிவிடுகிறேன். பென்ரித் அணிக்கு எதிரான அரையிறுதியில் புல்டாக்ஸ் தலைவர் ஸ்டீவ் பிரைஸுக்கு முழங்காலில் அடிபட்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் அதே கழகத்துக்காக முட்டி மோதிய முன்வரிசைக்காரர் அவர். அடுத்த ஆண்டு நியூசிலாந்து வாரியர்ஸுக்குப் போகவிருந்ததால், அந்தச் சட்டையில் அவர் ஆடக்கூடிய கடைசி ஆட்டமாக இறுதியாட்டமே அமைந்திருக்கும். அதில் அவரால் ஆட முடியாமல் போயிற்று. தலைமை ஆண்ட்ரூ ரையனிடம் போனது. தர்ஸ்டனுக்கு மாற்று இருக்கையில் இடம் கிடைத்தது. அவருக்கு அப்போது இருபத்தொரு வயது.

அக்டோபர் 3, எதிரணி சிட்னி ரூஸ்டர்ஸ். அவர்களின் மூத்த ஆட்டக்காரர் பிராட் ஃபிட்லரின் கடைசி ஆட்டம் என்பதால் அரங்கமே அவர்கள் பக்கம் சாய்ந்ததுபோல் இருந்தது. இடைவேளையின்போது ரூஸ்டர்ஸ் 13–6 என முன்னிலை. பிற்பாதியில் புல்டாக்ஸ் அவர்களை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் 16–13 என்று முந்தியது. கடைசி நொடிகளில் ரூஸ்டர்ஸின் மைக்கேல் க்ராக்கர் பந்தோடு பிய்த்துக்கொண்டு ஓட, பின்னால் துரத்திய ரையன் முழு உடம்பையும் நீட்டிப் பாய்ந்து அவருடைய காலைத் தட்டிவிட்டார். அவர் விழுந்தார், ஆட்டமும் முடிந்தது.

கோப்பை வென்ற அணியில் ஆடியவர்களுக்கு ஒரு மோதிரம் கொடுப்பார்கள். முதல் ஆண்டில் கூலியில்லாமல் வந்து, மூன்று ஆண்டுகள் பெரும்பகுதி இருக்கையில் காத்திருந்து, அந்தக் கழகத்துக்காகத் தன் கடைசி ஆட்டத்தை ஆடிய இளைஞருக்கு அந்த மோதிரம் என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தர்ஸ்டன் அதை ஸ்டீவ் பிரைஸிடம் கொடுத்துவிட்டார். அதற்குத் தன்னைவிட அவரே உரியவர் என்று அவர் கருதினார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது தொலைக்காட்சியில் ஒரு பழைய ஒளிப்பதிவுதான். ஆனாலும் மணி அடித்து எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொள்ளும் அந்தக் காட்சியில், ஒல்லியான அந்த உருவத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். தன் சொந்த வெற்றிக்காக ஒரு மோதிரம் அவர் விரலுக்கு வர இன்னும் பதினொரு ஆண்டுகள் இருந்தன. 2015 அக்டோபர் 4 அன்று, கூடுதல் நேரத்தில் அவரே உதைத்த ஒற்றைப் புள்ளியால் கௌபாய்ஸ் 17–16 என்று ப்ராங்கோஸை வென்றது. தோற்றது எந்தக் கழகம் என்பதைக் கவனியுங்கள்.

10. கண்டிமலை

மோதிரத்தைப் பற்றி இப்போதுதான் அறிகிறேன். கண் கலங்கிவிட்டது, அண்ணா.

11. வெப்பமண்டலம்

அந்த மோதிரத்துக்குப் பிறகு வந்தது எங்கள் ஊர்க் கதை. நான் டவுன்ஸ்வில் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தது 2003இல். அன்று கௌபாய்ஸ் என்றால் தோற்பவர்கள் என்றுதான் பொருள். 1995இல் போட்டிக்குள் நுழைந்த முதல் ஆண்டிலேயே கடைசி இடம். 2000இலும் கடைசி இடம். முதன்முறையாக அவர்கள் இறுதிச்சுற்றுகளுக்கு வந்தது 2004இல். பயிற்சியாளர் கிரஹாம் மரே. அந்தச் சுற்றில் முதலில் புல்டாக்ஸை வென்றார்கள். பிறகு டவுன்ஸ்வில்லிலேயே ப்ராங்கோஸை 10–0 என்று வென்றார்கள். அரையிறுதியில் ரூஸ்டர்ஸிடம் மூன்றே புள்ளிகளில் தோற்றார்கள். அணியில் வேகம் இருந்தது, எலும்பு இருந்தது. ஆட்டத்தைக் கையில் எடுத்து நடத்த ஒருவர் வேண்டியிருந்தது.

2005இல் தர்ஸ்டன் வந்தார். அவருடைய தாய் வழி, குயின்ஸ்லாந்தின் தென்மேற்கைச் சேர்ந்த குங்காரி என்னும் பூர்வகுடி. எங்கள் ஃபுல்பேக் மாட் பௌவன், கேப் யார்க் தீபகற்பத்தின் ஹோப் வேல் என்ற பூர்வகுடிக் குடியிருப்பிலிருந்து வந்தவர். இந்த இருவரும் சேர்ந்து ஆடியதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒருவர் பந்தை எங்கே வைக்கப் போகிறார் என்பது மற்றவருக்கு முன்பே தெரிந்திருந்தது. என் இருக்கை வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தர்ஸ்டன் காலை ஓங்குவதற்கு முன்பே பௌவன் கிளம்பிவிடுவார். எங்களைச் சுற்றியிருந்தவர்களும் அவரோடு எழுந்து நின்றுவிடுவார்கள். இரவு எட்டு மணிக்கும் சட்டை உடம்போடு ஒட்டும் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில், அணி வென்ற நாள்களில் அரங்கத்தைவிட்டு யாரும் எளிதில் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள்.

கௌபாய்ஸில் முதல் ஆண்டு, வயது இருபத்திரண்டு, அந்த ஆண்டின் டாலி எம் பதக்கம் அவருக்கே. முந்தைய பருவத்தில் அவருக்கு நிலையான ஓர் இடமில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

12. தரவுப்பெட்டி

ஆனால் 2005இன் இறுதிச்சுற்றுகள் நேர்க்கோட்டில் போகவில்லை. முதல் வாரத்திலேயே வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 50–6 என்று கௌபாய்ஸ் நொறுங்கியது. அங்கிருந்து எழுந்து மெல்போர்னை வென்று, அரையிறுதியில் பட்டியலின் முதலிடத்து அணியான பாரமாட்டாவை 29–0 என்று வெளியேற்றி, இறுதியாட்டத்தில் அதே டைகர்ஸிடம் 30–16 என்று தோற்றார்கள். அந்த இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் டைகர்ஸின் தலைவரும் ஹாஃப்பேக்குமான ஸ்காட் பிரின்ஸ். பிரின்ஸ் தம் தொழில்முறை ஆட்டத்தை 1998இல் தொடங்கியது எந்தக் கழகத்தில் தெரியுமா? கௌபாய்ஸில்தான். தன் கையிலிருந்து நழுவவிட்ட ஹாஃப்பேக்கிடமே ஒரு கழகம் கோப்பையை இழந்தது. இளம் ஹாஃப்பேக்குகளைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று என்னிடம் இல்லை. வெப்பமண்டலம் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

13. வெப்பமண்டலம்

கோபம் எதற்கு? உண்மை அதுதான். அந்த இரவு இன்னும் வலிக்கிறது, அவ்வளவே.

14. ஆறாவது பிடி

புல்டாக்ஸில் கழிந்த மூன்று ஆண்டுகளைக் காத்திருப்பு என்று மட்டும் எழுதுவதில் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு.

அன்று ஓர் ஆட்டத்துக்கு 12 மாற்றங்கள் அனுமதிக்கப்பட்டன. நான்கு மாற்று இருக்கைகளில் மூன்றைக் களைத்துப்போகும் முன்வரிசைக்காரர்களுக்காகவே பயிற்சியாளர்கள் ஒதுக்குவார்கள். நான்காமவர், யாருக்கு அடிபட்டாலும் எந்த இடத்திலும் போய் நிற்கக்கூடியவராக இருக்க வேண்டும். கிடைக்கும் நேரம் குறைவு. எந்த நிமிடத்தில் அழைப்பார்கள் என்பதும் தெரியாது. ஆனால் இருக்கையில் அமர்ந்திருப்பவர் ஐம்பது, அறுபது நிமிடம் ஆட்டத்தை வெளியிலிருந்து படிக்கிறார். எதிரணியில் யாருடைய தோள் தொங்கிவிட்டது, எந்த விளிம்பில் ஆள் மெதுவாகத் திரும்புகிறார் என்று குறித்துக்கொண்டு உள்ளே போகிறார். வாரநாள்களில் அதே இளைஞர், நாட்டிலேயே மிகக் கடுமையான முன்வரிசைகளில் ஒன்றோடு புல்டாக்ஸின் பெல்மோர் திடலில் மோதிப் பழகினார். அவருடைய உடம்பு நிரம்பியதும் அந்த ஆண்டுகளில்தான். மெல்போர்னில் கூப்பர் க்ராங்க் என்ற ஹாஃப்பேக்கும் இப்படித்தான்: 2004இல் முதல் ஆட்டம், மாட் ஆர்ஃபோர்ட் 2005 முடிவில் கழகத்தைவிட்டுப் போகும் வரை ஏழாம் எண் அவருக்குக் கிடைக்கவில்லை. பதினெட்டு வயதிலேயே அணியின் முழுப் பொறுப்பையும் தலையில் ஏற்றி, இருபத்திரண்டு வயதுக்குள் தேய்ந்துபோன ஹாஃப்பேக்குகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே காத்திருப்பு தர்ஸ்டனுக்குக் கெடுதல் செய்யவில்லை என்பது என் எண்ணம். இடம் தேடிச் சரியான நேரத்தில் வெளியேறினாரே, அதுதான் அவர் எடுத்த பெரிய முடிவு.

15. பின்வரிசை

இதை நான் யோசித்திருக்கவில்லை. நன்றி.

2005 மே 25, பிரிஸ்பேனில் நடந்த ஆரிஜின் தொடரின் முதல் ஆட்டத்தை நேற்றிரவு மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். மாநில அணிக்காகத் தர்ஸ்டன் ஆடிய முதல் ஆட்டம் அது. பக்கத்தில் ஆறாம் எண்ணில் டேரன் லாக்கியர். ஆட்டம் முடியும் தறுவாயில் குயின்ஸ்லாந்து 19–20 என்று ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. அறிமுக ஆட்டக்காரரான தர்ஸ்டன் ஃபீல்ட் கோல் உதைத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் நியூ சவுத் வேல்ஸின் பிரெட் கிம்மர்லி வீசிய பந்தை மாட் பௌவன் நடுவில் பறித்துக்கொண்டு ஓடினார், 24–20. அடுத்த ஆட்டத்துக்கு நியூ சவுத் வேல்ஸின் ஹாஃப்பேக் ஆண்ட்ரூ ஜான்ஸ் திரும்பி வந்ததும் தொடர் கைமாறிப்போனது என்பதையும் அவனிடம் சொன்னேன். ஆனால் அந்த முதல் ஆட்டம் தொடங்கி 2016 வரை ஓர் ஆரிஜின் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 36 ஆட்டங்கள் ஆடினார் என்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எடைப்பொறி நாளுக்குப் பிறகு பந்தைத் தொடாமலேயே இருந்தவன், அந்த ஃபீல்ட் கோலை மட்டும் நான்கு முறை திருப்பிப் போடச் சொன்னான். பிறகு என்னிடம் கேட்டான்: "அப்பா, அவர் ஏன் அவ்வளவு பின்னால தள்ளி நிக்கிறார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறாவது பிடி நண்பர் சொல்ல வேண்டும்.

16. ஆறாவது பிடி

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். ஃபீல்ட் கோலுக்குப் பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது தரையைத் தொட்டு எழும் கணத்தில் உதைக்க வேண்டும். பந்தை வாங்குவது, கைக்குள் நேராகத் திருப்புவது, விடுவது, உதைப்பது என்று நான்கு வேலைகள். அதற்குள் எதிரணியின் இரண்டு மூன்று பேர் கையை உயர்த்திக்கொண்டு முகத்துக்கு நேராக ஓடி வருவார்கள். பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளும் இடத்திலிருந்து பத்து மீட்டர் அல்லது அதற்கும் சற்றுப் பின்னால் நின்றால்தான் அந்த நேரம் கிடைக்கும். அதிகம் பின்னால் போனால் கம்பத்துக்கான தூரம் கூடிவிடும். எங்கே நிற்பது என்பதே பாதி வேலை.

பின்வரிசை அண்ணா, பூங்காவுக்கு அவனோடு நீங்களும் போங்கள். பத்து மீட்டர் தள்ளி அவனை நிறுத்திப் பந்தை வீசுங்கள்; வீசிய கையோடு நீங்களே கையைத் தூக்கிக்கொண்டு அவனை நோக்கி ஓடுங்கள். முதல் வாரம் கம்பம் எதுவும் வேண்டாம், பந்து தரையில் அதன் நுனியில் நேராக விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். நாளுக்கு முப்பது உதை போதும். அதற்கு மேல் தொடை இறுகிவிடும்.